எம்.ஐ.பி.ஜி உள்ளேற்பு

எம்.ஐ.பி.ஜி (மெட்டா-அயோடோபென்சைல்குவானிடின்) உள்ளேற்பு என்பது, நோர்அட்ரினலின் என்னும் நரம்பியக்கடத்தியை உயிரணு மீட்டெடுக்கும் வழியாகவே கதிரியக்க மருந்தொன்று புற்றணுக்களுள் நுழைவதைக் குறிக்கும். சிறு குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாசுடோமா, அட்ரினல் சுரப்பியில் தோன்றும் பியோகுரோமோசைட்டோமா ஆகிய கட்டிகளைப் படம்பிடிக்கவும், சிலருக்குச் சிகிச்சை அளிக்கவும் இது பயன்படுகிறது.

செயற்படும் முறை

நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் நோர்அட்ரினலின் பெரும்பாலும் சிதைவதில்லை. வெளிப்பட்ட முனைக்கே திரும்புகிறது. இதைக் கண்டறிந்த யூலியசு ஆக்செல்ராடு 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திரும்ப எடுக்கும் புரதத்தின் மரபணு 1991-இல் பிரித்தெடுக்கப்பட்டது. எம்.ஐ.பி.ஜி அமைப்பில் நோர்அட்ரினலினை ஒத்திருப்பதால் அதே புரதம் அதனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இம்மருந்து உருவாக்கப்பட்டது.

புரத அளவும் உள்ளேற்பும்

நியூரோபிளாசுடோமாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு மருந்தை ஏற்கின்றன, எஞ்சியவை ஏற்பதில்லை. ஏற்காத கட்டிகளில் உள்ளேற்புப் புரதம் குறைவாக இருப்பதும், எம்.ஒய்.சி.என் மரபணு பெருகிய கட்டிகளிலும் அது குறைவாக இருப்பதும் திசு ஆய்வுகளில் தெரியவந்தன. ஆயினும் இத்தொடர்பு முழுமையானதன்று. புரதம் இருந்தால் மட்டும் போதாது. அது அணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டும், சோடியம் அயனிச் சரிவும் வேண்டும். எனவே படத்தில் ஒளிராத இடத்தில் கட்டியே இல்லை என முடிவு செய்வது ஆபத்தானது. அத்தகைய குழந்தைகளுக்குக் குளுக்கோசு அடிப்படையிலான பெட் படம் போன்ற வேறு சோதனை தேவைப்படும்.

வேறொரு குறுக்கீடும் உண்டு. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின், சில மனச்சோர்வு மருந்துகள், இலபெட்டலால் ஆகியவை உள்ளேற்பைத் தடுக்கும். சாதாரணச் சளி மருந்துதானே என்று பெற்றோர் சொல்லாமல் விட்டால் படம் பொய்யாகலாம். தைராய்டைக் காக்க முன்கூட்டியே அயோடின் தரப்படுகிறது.

இந்தியாவில்

அயோடின்-131 சேர்ந்த எம்.ஐ.பி.ஜி மருந்தை மும்பையிலுள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் வழங்குகிறது. அயோடின்-131-இன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். தெளிவான படம் தரும் அயோடின்-123-க்கோ 13 மணி நேரமே. 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உள்ள சென்னை போன்ற, மும்பையிலிருந்து தொலைவிலுள்ள நகரங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.