மேரியான் நார்த் காட்சிக்கூடம்

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில், ஆங்கிலேய ஓவியர் மேரியான் நார்த்தின் (1830–1890) படைப்புகளுக்கென்றே அமைந்த நிரந்தரக் காட்சிக்கூடம். 1882இல் திறக்கப்பட்டது. இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் இதை வடிவமைத்தார். செலவை நார்த்தே ஏற்றார்.

எண்ணூறுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் நாடுவாரியாக, சட்டத்தோடு சட்டம் உரசும் நெருக்கத்தில், சுவரே தெரியாதபடி தொங்குகின்றன. வரிசையை வகுத்தவரும் நார்த்தே. அவற்றின் கீழே பல நாட்டு மரத்துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்களுக்குத் தேநீரும் காப்பியும் வழங்க அவர் விரும்பினார்; பூங்கா இயக்குநர் ஜோசப் ஹூக்கர் இசையவில்லை. அதனால் நார்த் வாசலைச் சுற்றித் தேயிலையையும் காப்பிச் செடியையும் தீட்டிவைத்தார்.

நார்த் முறையான ஓவியப் பயிற்சி அதிகம் பெறாதவர். 1871 முதல் பிரேசில், இந்தியா, இலங்கை, போர்னியோ, ஆஸ்திரேலியா எனப் பெரும்பாலும் தனியாகவே பயணம் செய்து வரைந்தார். இலங்கையின் களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அவரைப் படம் பிடித்தார். அக்காலத் தாவர ஓவியர்கள் செடியை வெள்ளைத் தாளில் தனித்து நிறுத்தியபோது, நார்த் அதை அதன் மண்ணோடும் மலையோடும் பூச்சியோடும் வரைந்தார். அவருடைய பெருஞ்சாதனை இதுவே. அவர் தீட்டிய சரவாக் குடுவைத் தாவரம் ஒன்று நெப்பந்தஸ் நார்த்தியானா என்று அவர் பெயரைத் தாங்குகிறது.