அறுபத்தொன்றில் நாற்பத்திரண்டு: எல்லை மாவட்டங்களின் கட்டைக் கணக்கு

இசைக்கருவியின் விசைப்பலகை பெரிதாக இருந்தால் வாசிப்பவரும் பெரிய கலைஞர் என்ற எண்ணம் பியானோ வழியாக நம்மிடம் வந்தது. 88 கட்டைகளை முழுமையென்று கொண்டால் 61 கட்டைகள் கொண்ட மின்னணு அரேஞ்சர் கீபோர்டு குறைபட்டதாகவே தோன்றும். கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ் வழங்கும் பகுதிகளின் இசை வரலாறு இந்த அளவுகோலை ஏற்பதில்லை.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. எனினும் முன்னது கோவையோடும் பின்னது தேனியோடும் இணைந்து கிடப்பதால், நாடகக்குழுவும் பாட்டுக்குழுவும் மலைப்பாதைகளிலும் கணவாயிலும் இரு பக்கமும் போய்வந்தன. அவற்றோடு ஆர்மோனியப் பெட்டியும் பயணம் செய்தது. 1840களில் பாரிஸில் டெபேன் உருவாக்கிய ஆர்மோனியம் காலால் மிதித்து இயக்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் வைத்து வாசிக்கத்தக்க கைப்பெட்டியாக்கினார். இடக்கை துருத்திக்குப் போனது. வலக்கை மட்டுமே கட்டைகளுக்கு எஞ்சியது. ஒரு கைக்கு எத்தனை கட்டை தேவை என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

மூன்றரை ஸ்தாயி, அதாவது வெள்ளையும் கறுப்பும் சேர்த்து 42 கட்டைகள், பரவலாக நிலைபெற்ற அளவுகளுள் ஒன்று. இதன் தருக்கத்தைக் குரலிலிருந்து கணக்கிடலாம். ஆண் பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை பாடுவதாகவும், பெண் பாடகர் ஐந்தரைக் கட்டையில் அதே எல்லைக்குள் பாடுவதாகவும் கொள்வோம். இருவருக்கும் சேர்த்துத் தேவைப்படுபவை 33 கட்டைகளே. பெட்டியில் அதற்குமேலும் ஒன்பது மிஞ்சும். சுருதியையே 'கட்டை' என்று சொல்லும் தமிழ் வழக்கு இந்தப் பெட்டி விட்டுச்சென்ற தடம். வெள்ளைக் கட்டைகள் முழு எண்ணாகவும் கறுப்புக் கட்டைகள் அரையாகவும் எண்ணப்பட்டதால்தான் மூன்றரைக் கட்டை என்றொரு சுருதி இல்லை.

பாலக்காட்டின் எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் உதவியாளராக இருந்தவர். பின்னாளில் பெரும் வாத்தியக்குழுக்களை ஆண்டபோதும் மெட்டு அவருக்குப் பிறந்த இடம் ஆர்மோனியமே. தெற்கே, 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்டு வேட்பாளராக நின்றபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். அவருடைய குழுவில் பின்னர் சேர்ந்து ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் இளையராஜா. லயங்களுக்கு இடையே தோளிலும் தலையிலும் செல்லவேண்டிய கருவிக்கு எடையும் இசையிலக்கணத்தின் ஒரு பகுதிதான்.

இதே காலத்தின் பெரும்பகுதியில் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. 1940 மார்ச்சில் வந்த அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது. சமப்படுத்திய சுருதியும் கமகமின்மையும் சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் வானொலி நிலையத்தின் இசையை மட்டும் இசையென்று கொண்டதால், மேடைக்கு மேடை தூக்கிச் செல்லப்பட்ட பெட்டியின் வரலாறு ஆவணங்களுக்கு வெளியே போயிற்று.

அரேஞ்சர் கீபோர்டு இந்தப் பழைய ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. யமஹாவின் பிஎஸ்ஆர்-இ வரிசைக் கருவிகள் பலவற்றில் விசைப்பலகை தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடப்புறம் 19 கட்டைகள். அங்கே இடக்கை ஒரு கார்டைப் பிடித்தால் தாளமும் பாஸும் உடன்வரும் வாத்தியங்களும் தாமே ஒலிக்கும். மெட்டுக்கு எஞ்சுபவை எத்தனை? சரியாக 42. ஜப்பானிய வடிவமைப்பாளர் ஆர்மோனியத்தை நினைத்து இதைச் செய்தார் என்பதற்கில்லை, தற்செயல்தான். ஆனால் கைப்பெட்டியில் பழகிய வலக்கைக்கு அந்த இடம் அந்நியமாக இல்லை. துருத்தியிலிருந்து விடுபட்ட இடக்கை கார்டுக்குச் சென்றது, அவ்வளவே. இழப்பும் உண்டு: முன்பு ஆதாரச் சுருதி மட்டும் ஒலித்த இடத்தில் இப்போது கார்டு ஒலிக்கிறது, ராகம் அதற்கு இணங்கி வளையவேண்டியிருக்கிறது. வானொலி அஞ்சிய சமப்படுத்திய சுருதியைவிட இது ஆழமான மாற்றம். தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான்கு குரல்களையும் இரு கைகளால் வாசிப்பவருக்கோ இந்தப் பிரிப்பு உதவாது. அவருக்கு 61 கட்டைகளும் வேண்டும்.

விலையும் எடையும் இதே பக்கம்தான் சாய்கின்றன. தொடக்கநிலை 61 கட்டைக் கருவிகள் பல ஐந்து கிலோவை ஒட்டியவை. சுத்தியல் இயக்கம் கொண்ட 88 கட்டை மேடைப் பியானோக்கள் பெரும்பாலும் பதினொரு கிலோவைத் தாண்டுபவை.

இடக்கைக்கு மூன்றாவதாகவும் ஒரு வேலை வந்திருக்கிறது. சுருதியை வளைக்கும் சக்கரத்தால் கீபோர்டில் கமகம் காட்டமுடியும் என்பதைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் கே.சத்யநாராயணன் போன்றோர் நிறுவியுள்ளனர். அச்சக்கரம் வழக்கமாகக் கருவியின் இடது ஓரத்தில் இருக்கும். 61 கட்டைக் கருவியில் நடுஸ்தாயியின் தொடக்கம் கட்டைகளின் இடது விளிம்பிலிருந்து ஏறத்தாழ 33 செ.மீ. தொலைவு, 88 கட்டைக் கருவியில் அதே கட்டைக்கு 54 செ.மீ. குரல் நிற்கும் இடத்தில் வலக்கையை வைத்து, அத்தனை தூரத்தில் இடக்கையால் கமகம் திருப்புவதற்கு உடலை அகல விரித்து அமரவேண்டும்.