ஆவும் மயிலும் ஆன அம்மை

காவிரி பாயும் சோழவளநாட்டிலே அழுந்தூர், ஆவடுதுறை, துருத்தி, எதிர்கொள்பாடி, வேள்விக்குடி, மணஞ்சேரி, மயிலாடுதுறை என ஏழு தலங்கள் ஒன்றற்கொன்று அணிமையில் உள்ளன. ஏழும் தேவார மூவருள் ஒருவரேனும் பாடியருளிய பெருமை வாய்ந்தவை. ஏழும் 2020-ஆம் ஆண்டில் தனியே அமைந்த மயிலாடுதுறை மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குவன. இத்தலங்களின் பெயர்களை ஓர் ஒழுங்கில் நிறுத்திப் பார்ப்பார்க்கு, அவை ஒரு பெருங்காதல் வரலாற்றின் பகுதிகளாக அமைந்திருத்தல் புலனாகும். அவ்வரலாற்றின் தலைவியும் தலைவனும் உருமாறும் இயல்பினர். தலைவி ஆவாகின்றாள், மயிலாகின்றாள், மானுட மகளாகின்றாள். தலைவன் அவளைத் தொடர்ந்து வருகின்றான். அவள்பொருட்டுத் தானும் ஒருகால் மயிலாகின்றான். அத்தலைவி உமையம்மை, அத்தலைவன் சிவபெருமான்.

இவ்வரலாறுகளைக் குறித்து இருவேறு கூற்றுக்கள் நிகழ்கின்றன. மயில்கள் மிக்கிருந்த துறை மயிலாடுதுறை எனவும், ஆக்கள் மிக்கிருந்த துறை ஆவடுதுறை எனவும் பெயர் பெற்றன. கதைகள் பின்னர்ப் பெயரைக்கொண்டு கட்டப்பட்டன என்பார் ஒருசாரார். கதை நிகழ்ந்தது, அதனாற் பெயர் வந்தது, இதனை ஆராய்தலே தகாது என்பார் மற்றொருசாரார். முன்னவர் கூற்றால் அன்பர் உள்ளம் வருந்துகின்றது. பின்னவர் கூற்றால் கற்றவர் உள்ளம் அமைதி பெறவில்லை. ஆதலின் வரலாறு இன்னது, அதன் கருத்து இன்னது எனப் பிரித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

முதற்கண் மயிலாடுதுறை வரலாறு. தக்கன் சிவபெருமானை இகழ்ந்து வேள்வி செய்தகாலை, அவன் மகளாய் வளர்ந்த அம்மை, நாயகன் தடுத்தும் கேளாது தந்தையின் வேள்விச்சாலை புகுந்தாள். ஆண்டு அவமதிப்பே கண்டாள். வீரபத்திரக் கடவுள் வேள்வியை அழித்தபொழுது, அச்சாலையில் நின்ற மயிலொன்று நடுநடுங்கி அம்மையின் திருவடியில் அடைக்கலம் புகுந்தது. அம்மை அதனை அஞ்சேல் என்று காத்தாள். அதனால் அபயாம்பிகை என்றும், அஞ்சல்நாயகி என்றும் பெயர் பெற்றாள். அம்மயிலின் நினைவோடே அவ்வுடலை நீத்தமையின் அவளே மயிலாய்ப் பிறந்தாள்; காவிரிக் கரையை அடைந்து, சொல்லற்ற அப்பறவை வடிவிலேயே சிவபெருமானை வழிபட்டு வந்தாள்.

இவ்விடத்துப் பெருமான் செய்த செயலே கருதற்பாலது. மயில்வடிவம் நீங்குக என்று ஒரு சொற்கூறி அவளை விடுவித்தல் அவற்கு அரிதன்று. அவ்வாறு செய்திலன். தானும் மயிலாகி அத்துறைக்கு வந்து, தோகை விரித்து அவள் காண ஆடினான். பெடையின் முன்னர் ஆண்மயிலே தோகை விரித்து ஆடுதல் அவ்வினத்தின் இயல்பாதலின், பறவையின் காதல் எவ்வாறு வெளிப்படுமோ அவ்வாறே தன் காதலை வெளிப்படுத்தினான் என்க. இவ்வாடல் மயூரதாண்டவம் எனவும் கௌரிதாண்டவம் எனவும் வழங்கும். அதன்பின்னரே அம்மை தன் திருவுருவம் பெற்றாள். பிரிந்தவள் தன்னிலையினின்றும் தாழ்ந்தாளாக, தலைவன் அத்தாழ்நிலைக்கே இறங்கிவந்து அவளோடு ஒப்ப நின்று, பின்னரே உயர்த்தினான் என்பது இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இனி, ஆவான வரலாறு. சிவபெருமானும் திருமாலும் சூதாடியபொழுது அம்மை நடுவாயிருந்து உரைத்த தீர்ப்புக் காரணமாக அவள் ஆவாகுமாறு நேர்ந்தது என்றும், அது நிகழ்ந்த இடம் அழுந்தூர் என்றும் கூறுவர். இன்று தேரழுந்தூர் எனப்படும் அவ்வூரில் சிவாலயமும் திருமால் ஆலயமும் உள்ளன. திருமாலுக்கு ஆண்டு ஆமருவியப்பன் என்னும் பெயர் வழங்குதல் இவ்வரலாற்றுக்கு இயைபுடையது; தங்கையாகிய ஆவை மேய்ப்பானாய் உடன் சென்றவன் அவன். ஆவாய்த் திரிந்த அம்மை ஆவடுதுறையில் வழிபட்டு அவ்வடிவம் நீங்கப்பெற்றாள். அப்பொழுது பெருமான் எழுந்து அவளை அணைத்துக்கொண்டமையின், அத்தலத்து உற்சவமூர்த்திக்கு அணைத்தெழுந்த நாயகர் என்பது திருப்பெயராயிற்று. பெருமானுக்குக் கோமுத்தீசர் என்னும் பெயர் வழங்குதலும் ஆவுக்கு விடுதலை அளித்தமை பற்றியே.

வடிவம் நீங்கியதோடு வரலாறு முடிந்திலது. அம்மை பரதமுனிவர் மகளாய்த் தோன்றித் துருத்தியில் தவமிருந்தாள். இத்துருத்தியே இக்காலத்துக் குத்தாலம் என வழங்குவது. பெருமான் அவள்முன் தோன்றிக் கைப்பற்ற, பெற்றோர் உடன்பாட்டோடு முறைப்படி மணத்தலே தக்கது என்று அவள் உரைத்தாள். பெருமான் அச்சொல்லை ஏற்று, தான் சொன்னவண்ணமே பின்னர் வந்து மணந்தான். சொன்னவாறறிவார் என்பது துருத்திப் பெருமானுக்கு வழங்கும் திருநாமம். இதனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் துருத்திப் பதிகத்தில் எடுத்தோதுகின்றார். தனக்கு நிழலாய் வந்த உத்தாலமரத்தையும் தன் பாதுகைகளையும் அடையாளமாக அங்கு விட்டுச்சென்றான் என்ப. மருமகனாய் வந்த பெருமானை முனிவர் எதிர்கொண்ட இடம் எதிர்கொள்பாடி; மணவேள்வி நிகழ்ந்த இடம் வேள்விக்குடி; திருமணம் நிறைவேறிய இடம் மணஞ்சேரி. எல்லாம் வல்லவன் ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கட்டுண்டு, பெற்றோரை வேண்டி, முறைப்படி வந்து கைப்பிடித்தான் என்னும் இதனினும் உயர்ந்த காதலொழுக்கம் யாண்டும் காண்டலரிது.

இனி, வரலாற்றுமுறையால் நோக்குவாம் எனின், தலப்பெயர்கள் யாவும் மிகப் பழையன. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் மயிலாடுதுறைக்கு இரண்டு பதிகங்களும், திருநாவுக்கரசர் ஒரு பதிகமும் அருளியுள்ளனர். ஆவடுதுறையை மூவரும் பாடினர்; தந்தையார் வேள்விசெய்தற்குப் பொன் வேண்டித் திருஞானசம்பந்தர் பெற்ற இடமும் அதுவே. எதிர்கொள்பாடி சுந்தரர் பாடல் பெற்றது. மணஞ்சேரியைச் சம்பந்தரும் அப்பரும் பாடினர். வேள்விக்குடியையும் துருத்தியையும் ஒரே பதிகத்தில் இணைத்துப் பாடிய சம்பந்தர், பெருமான் பகற்பொழுதில் துருத்தியிலும் இரவில் வேள்விக்குடியிலும் உறைவதாகக் கூறுதல் ஊன்றி நோக்கத்தக்கது. தவஞ்செய்த இடமும் மணவேள்வி நிகழ்ந்த இடமும் ஓரிணையாகக் கருதப்படுதல் அக்காலத்தேயே வேரூன்றிவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் மயிலாடுதுறைப் பதிகங்கள் மயிலான கதையைத் தொடக்கமுதல் இறுதிவரை விரித்துரைப்பன அல்ல. அங்ஙனம் விரித்துரைப்பன பிற்காலத்துத் தலபுராணங்களே. மயிலாடுதுறைக்கு மாயூரப் புராணம் இயற்றியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876). அவர்பால் உ. வே. சாமிநாதையர் பாடங்கேட்கத் தொடங்கியதும் 1871-இல் அவ்வூரிலேதான். ஆகவே பெயர்க்குச் சான்று ஏழாம் நூற்றாண்டிலும், விரிந்த கதைக்குச் சான்று அதற்கு மிகப் பிற்பட்டும் கிடைத்தலை மறைத்தல் வேண்டுவதில்லை. இவ்வளவில் முதற்சாரார் கூற்றில் உண்மை உண்டு.

அற்றேல், கதை பொருளற்றது எனக் கொள்ளலாமோ எனின், ஆகாது. மயில் மிக்க துறை தமிழ்நாட்டில் ஒன்றன்று. ஒரு துறையின் பெயரைக்கொண்டு மக்கள் எந்தக் கதையையும் கட்டியிருத்தல் கூடும். மயிலாகிய காதலியைத் தேடி மயிலாகவே வந்த காதலனைக் கண்டமைக்குக் காரணம் பெயரன்று. அவர்கள் கடவுளைக் கண்டுகொண்ட முறையே. பெயர் கதைக்கு இடங்கொடுத்தது. அன்பு கதைக்கு உயிர்கொடுத்தது. தொண்டைநாட்டு மயிலாப்பூரிலும் அம்மை மயிலாய்ப் புன்னைமரத்தடியில் வழிபட்டாள் என்பது வழக்கு. மயில் இலிங்கத்தை வழிபடும் சிலையுருவம் இன்றும் அத்திருக்கோயிற் புன்னையின்கீழ்க் காணலாம். மயிலென்னும் சொல் ஊர்ப்பெயரில் அமைந்த இடத்து இரண்டிலும் ஒரே கருத்துத் தோன்றியமை, அக்கருத்துத் தமிழ்ச்சைவர் நெஞ்சில் எத்துணை ஆழ்ந்து கிடந்தது என்பதனைக் காட்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். வடிவம் மாறுதல் சித்தர்க்கும் மாந்திரீகர்க்கும் உரியதாகச் சொல்லப்படுகின்றதே. விகாரமற்ற முதல்வற்கு அது பொருந்துமோ? இதற்கு விடை சிவஞான சித்தியாரில் உள்ளது. இறைவன் திருமேனி மாயையால் ஆவதன்று. அருளாகிய சத்தியால் ஆவது என்று அருணந்தி சிவாசாரியார் நிலைநாட்டினார். உயிர்கள் வினைக்கீடாக உடம்பெடுக்கின்றன. இறைவன் உயிர்கள்பொருட்டுத் தன்னிச்சையால் வடிவு கொள்கின்றான். போகவடிவம், யோகவடிவம், வேகவடிவம் என மூவகை கொள்ளுதலும் உயிர்கள் பயனுறற்பொருட்டே. அவன் யோகியாய் அமர்ந்திருந்தபொழுது தேவர் முதலியோர்க்கும் காதலின்பம் இல்லாதொழிந்தது என்னும் செய்தியை அந்நூல் எடுத்துக்காட்டுகின்றது. அம்மையப்பர் காதலே உலகத்துக் காதலுக்கெல்லாம் மூலம் என்பது அதனால் அமைவதாயிற்று.

சத்தியும் சிவமும் ஞாயிறும் ஒளியும்போல் பிரிவற்றன. அங்ஙனமாகவும் அம்மை பிரிந்தாள், பிழைத்தாள், தாழ்ந்த பிறவி எய்தினாள் என்றல் யாங்ஙனம்? அது நமக்கு நிகழ்வதனை அவள் தன்மேல் ஏற்று நடித்துக்காட்டியதாகக் கொள்ளல் வேண்டும். உயிர் தன் முனைப்பால் தலைவன் சொற்கடந்து செல்லும்; சென்ற இடத்துச் சிறுமையுறும்; இழிந்த உடம்பும் பெறும். ஆயினும் அவ்வுடம்பிலிருந்தே வழிபட்டால் அவ்வுடம்புக்கேற்ற வடிவில் தலைவன் வருவான். மானுடர்க்குக் குரு மானுடச்சட்டை சாத்தி எழுந்தருளுதலாகிய சித்தாந்த உண்மைக்கு மயிலாடுதுறை வரலாறு ஓர் ஓவியம் போல்வது.

ஆவடுதுறையிலேயே இதற்கு மறுதலையான மற்றொரு வரலாறும் உண்டு. கயிலையினின்றும் வந்த யோகியார் ஒருவர், இறந்த இடையனைச் சூழ்ந்து கதறிய ஆக்களின் துயர் பொறாது, அவ்விடையன் மூலனது உடம்பிற் புகுந்தார். மாலையில் ஆக்கள் வீடு திரும்பின. கணவன் வரக்காணாத மனைவி தேடிவந்து கண்டு அழைத்தாள்; அவர் தமக்கும் அவளுக்கும் உறவில்லை என மறுத்தார். அவள் ஊரார்பால் முறையிட்டாள். ஊரார் வந்து அவர் நிலையுணர்ந்து அவளைத் தேற்றிப் போயினர். அவரே திருமந்திரம் அருளிய திருமூலர். பெரியபுராணத்துட் சேக்கிழார் உரைத்த இவ்வரலாற்றில், தான் அறிந்த உடம்பைக் கண்டும் தன் கணவனைக் காணாத அப்பேதைப்பெண்ணின் துயரம் கற்பார் நெஞ்சை உருக்கும். ஆண்டு உருவம் மாறாதிருந்தும் உறவு மாறியது. ஆவான அம்மை வரலாற்றிலோ உருவம் மாறியும் உறவு மாறவில்லை. உடம்பைப் பற்றிய அன்பு உடம்போடு ஒழியும். உயிரைப் பற்றிய அன்பு எவ்வுடம்பிலும் தன் துணையை அடையாளங் காணும். இவ்விரண்டினையும் ஒரே தலம் தன்னகத்தே கொண்டிருத்தல் வியக்கற்பாலது.

மயிலாடுதுறை என்னும் பழம்பெயர் இடைக்காலத்து மாயூரம் என வடமொழியில் மொழிபெயர்க்கப்பட்டது. பின்னர் மாயவரம் எனத் திரிந்தது. மயிலைக் குறிக்கும் சொல் திரிந்து மாயமும் வரமுமாய்ப் பொருள் மயங்கிக் கிடந்தது. 1982-இல் பழம்பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது. ஆயிரமானாலும் மாயூரம் ஆகாது என்னும் பழமொழியும், ஐப்பசித் துலாமுழுக்கும், கார்த்திகை முதல்நாள் முடவன் முழுக்கும் பெயர்மாற்றங்களால் தளராது நிலைபெற்றமை போல, அத்துறையில் ஆடிய மயிலின் நினைவும் நிலைபெற்றது. பெயரும் உடம்பு போல்வதே. அது மாறினும் அன்பு மாறாது.

இன்றும் மணம் வேண்டுவோர் திருமணஞ்சேரிக்குச் செல்கின்றனர். அவர்கள் ஆண்டுக் காணும் திருக்கோலம் அம்மையின் கையைப் பெருமான் பற்றிய கோலம். அக்கைப்பற்றுதலுக்கு முன்னே ஓர் ஆவின் தவமும், ஒரு மகளின் உறுதிமொழியும், சொன்னசொல் தவறாத தலைவனின் வரவும் உள்ளன என்பதை அறிந்து வழிபடுவார்க்கு அத்திருக்கோலம் பன்மடங்கு பொருளுடையதாகும். வடிவங்கள் பலவாயினும் பற்றிய கை ஒன்றே என உணர்ந்து, இழிந்த நிலையினும் வழிபாடு ஒழியாதிருத்தலே அன்பர்க்கு இவ்வரலாறுகள் உணர்த்தும் நெறியாம்.

திருச்சிற்றம்பலம்.