பெரட்டு போன பின்னும் குறையாத சோறு: செமோர் வட்டாரத் தமிழரும் மாவுச்சத்துக் குறைப்பும்

மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. எடை மிகுந்தோரும் உடற்பருமன் உள்ளோரும் சேர்ந்து அப்போது 50.1 விழுக்காடாக இருந்தனர்; 2023 ஆய்வில் 54.4 விழுக்காடாகிவிட்டனர். எடை குறைக்க என்ன வழி என்று கேட்டால் இன்று எங்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சோத்தக் குறைங்க." பதில் சரியானதே. எவ்வளவு குறைப்பது, எதிலிருந்து தொடங்குவது, யார் தொடங்கக்கூடாது என்ற கேள்விகளுக்குத்தான் அதில் விடை இல்லை.

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் சாலையில் உள்ள செமோர் போன்ற பழைய தோட்டப்புற ஊர்களுக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் அதைச் சோற்றை அடியோடு விலக்கும் கீட்டோ, பேலியோ உணவுப் பட்டியல்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய உடலுக்கென்று அமைந்த தட்டை இன்றைய உடலுக்கு ஏற்ப அளந்து போடுவதே முதல் வேலை.

தோட்டம் அமைத்த தட்டு

சோறு தமிழரின் தொன்மையான உணவு, அதில் கைவைக்கலாமா என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. வரலாறு இதை அப்படியே ஒப்புக்கொள்ளாது. மலாயாவுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேலம், வட ஆர்க்காடு, திருச்சி ஆகியவை முக்கியமானவை. அங்கே புன்செய்க் காடுகளில் உழைத்த குடும்பங்களுக்கு அன்றாடம் கேழ்வரகும் கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு நல்லநாள் பெரியநாளுக்கு. கப்பலேறி வந்த பிறகே பர்மாவிலிருந்து இறக்குமதியான அரிசி அவர்களுக்கு மூன்று வேளை உணவாயிற்று. 1920களின் பிற்பகுதியில் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்று நாட்கூலி வரையறுக்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையான செலவுப் பட்டியலில் அரிசி முதன்மையான இடம் பெற்றது. ஆகவே தட்டில் குவிந்த சோறு மரபின் அளவு மட்டுமன்று, கூலிக் கணக்கின் அளவும்கூட.

அந்த அளவுக்கு அன்று காரணம் இருந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மேடும் பள்ளமுமான நிரைகளில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்த உடல் அந்தச் சோற்றை எரித்துவிடும். இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. பேரப்பிள்ளைகள் ஈப்போவுக்கும் தாசேக், கந்தான் தொழிற்பேட்டைகளுக்கும் மோட்டாரில் போய், உட்கார்ந்தோ நின்றோ வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். வேலை மாறிய அளவுக்குச் சோறு மாறவில்லை.

அப்படியென்றால் கேழ்வரகுக்கே திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எடை குறைப்பதற்கு அது தனி விடையாகாது. 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம். நார்ச்சத்து கூடுதல் என்பது நன்மைதான். அளவில்லாமல் களி கிண்டினால் அந்த நன்மையும் மறைந்துவிடும்.

சான்றுகள் சொல்வது

மாவுச்சத்தைக் குறைத்து இளைப்பது புதிய வழியன்று. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேண்டிங், 1863இலேயே தம் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். ஆனால் 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தபோது, கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் இளைத்திருந்தனர். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. முதல் வாரத்தில் 'மளமள'வென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு நீர். உடலில் சேமித்த கிளைகோஜன் கரையும்போது, அது பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறுகிறது.

தமிழரிடையே மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பரப்பியதில் எழுத்தாளர் நியாண்டர் செல்வனுக்குத் தனி இடம் உண்டு. அவருடைய 'பேலியோ டயட்' நூலும் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவும், காலையில் 100 பாதாம் என்ற வழக்கத்தையும் வெண்ணெய்த் தேநீரையும் பல நாட்டுத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோயின. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னது அவ்வியக்கத்தின் நல்ல பழக்கம். ஆனால் 100 பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. அது இறக்குமதிச் சரக்கும்கூட. உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2.60 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலைக்குப் பழகிய குடும்பத்துக்கு நாள்தோறும் பாதாம் வாங்குவது கட்டுப்படியாகாது.

மிதமான வழிக்குச் சென்னையிலிருந்து சான்று கிடைக்கிறது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் என்னும் இந்திய இனிப்புநீர் ஆய்வில் 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கணித மாதிரியில் இட்டு, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். புதிதாக இனிப்புநீர் கண்டவர்கள் நோயிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் 49 முதல் 54 விழுக்காடு மாவுச்சத்தும் 19–20 விழுக்காடு புரதமும் போதும் என்றது அந்தக் கணக்கு. இது கணித மாதிரிதான், சிகிச்சைச் சோதனை அன்று. ஆனாலும் சோற்றை அடியோடு விலக்காமலே பயன் பெறலாம் என்பதற்கு வலுவான குறிப்பு.

ஒட்டுக்கடையிலிருந்து தொடங்குதல்

நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தையே 'குறைந்த மாவுச்சத்து' என்று ஆய்வாளர் பலர் வரையறுக்கிறார்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தாராளமாகப் பரிமாறிய 300 கிராம் சோறு 84 கிராம்; இரு வேளைச் சோற்றிலேயே வரம்பு தாண்டிவிடும். காலை ரொட்டி சானாய் இன்னும் கணக்கில் வரவில்லை.

முதலில் கைவைக்க வேண்டியது கோப்பைதான். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டி என்றால், அதில் மட்டும் 20 கிராமுக்கு மேல் சீனி. ஒட்டுக்கடையில் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" என்று கேட்டால் அது சுழியமாகிவிடும். அந்த அளவுக்கு மனம் வராதவர் இனிப்புக் குறைவாக "கூராங் மானிஸ்" என்று தொடங்கலாம். அடுத்தது இரவுச் சோறு. அதைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கெம்போங் மீன், முட்டை, கங்கோங் பிரட்டல், தௌகே ஆகியவற்றை வைக்கலாம். மரக்கறி சாப்பிடுவோருக்குத் தௌஹூவும் தெம்பேயும் இங்கே மலிவு. பருப்பில் புரதத்தோடு மாவுச்சத்தும் உண்டு என்பதால் அதற்கும் அளவு வேண்டும். சுகாதார அமைச்சின் கால்–கால்–அரைத் தட்டும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கனி என்று ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

இந்த மிதமான வழி மெதுவானது, ஆர்வம் விட்டுப்போகும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே சட்டியிலிருந்து அறுவர் உண்ணும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் நெடுநாள் ஓடாது. மருந்தின் ஆபத்தும் இருக்கிறது. கிளிக்லசைடு மாத்திரை விழுங்குவோரும் இன்சுலின் போடுவோரும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். எம்பாகிளிப்ளோசின் வகை மருந்து எடுப்போருக்குக் கீட்டோ உணவால் இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக்கூடாது. இவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கேட்ட பிறகே தட்டை மாற்ற வேண்டும்.

ஆகவே கிளினிக் கொடுக்கும் அறிவுரையும் வீட்டு அளவைக்கு இறங்கிவர வேண்டும். கிராமும் விழுக்காடும் அடுப்படியில் உதவுவதில்லை. எத்தனை கரண்டிச் சோறு, எத்தனை துண்டு மீன் என்று தமிழில் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ1சி என்னும் இரத்தச் சர்க்கரை அளவையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்து, கரண்டியின் எண்ணிக்கையைத் திருத்தினால், இந்த உணவுமுறை செமோர் வீடுகளில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அங்குள்ளவர்களின் எண்களைக் கொண்டே பேசலாம்.