பெலர்கோனியம் கார்னோசம்

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வறண்ட பாறைச் சரிவுகளில் தானாக வளரும் சதைப்பற்றுள்ள குறுஞ்செடி. ஜெரேனியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் இதை ஜெரேனியம் பேரினத்தில் வைத்திருந்தார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே 1789இல் பெலர்கோனியத்துக்கு மாற்றினார். நீலகிரியில் வாசனை எண்ணெய்க்காகப் பயிராகும் ‘ஜெரேனிய’மும் இந்தப் பேரினமே.

அடித்தண்டு பருத்து, நீரைச் சேமித்து வைக்கிறது. இலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், இறகுபோலப் பிளவுபட்டிருக்கும். பூக்கள் சிறியவை, வெண்மை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு நிறமுடையவை.

வளர்ப்பவர் முதலில் அறிய வேண்டியது இதன் பருவத்தை. இச்செடி வளரும் நமக்வாலாந்து போன்ற மேற்குப் பகுதிகளில் மழை குளிர்காலத்தில்தான். கோடையில் இலைகளை உதிர்த்து உறங்கும் செடியைப் பட்டுப்போனதாக எண்ணி நீர் ஊற்றுவதே அதைக் கொல்கிறது. பூமியின் வட பாதியில் வளர்த்தால் இலையுதிர் காலத்தில் துளிர் கண்டபின் நீர் தொடங்கி, வெயில் ஏறி இலை பழுக்கும்போது குறைத்து நிறுத்த வேண்டும். அடித்தண்டை அழுத்திப் பார்ப்பது நல்ல சோதனை: உறக்கத்தில் சற்றே சுருங்கினாலும் அது கெட்டியாக இருக்கும், மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

பருமணலும் பொடிக்கற்களும் பெரும்பங்காகக் கலந்த மண், சிறிய மண்தொட்டி, நாள் முழுதும் வெயில் போதும். உறைபனி ஆகாது. தண்டுத் துண்டையும் நடலாம்; வெட்டுவாய் சில நாள் காய வேண்டும். ஆனால் அழகாகத் திரண்ட அடித்தண்டு வேண்டுமென்றால் விதையே மேல். காட்டிலிருந்து பெயர்த்த செடியை வாங்கவே கூடாது. விதையிலிருந்து எளிதாக வரும் செடிக்காகப் பாறைச் சரிவை வெறுமையாக்குவது அநியாயம்.

பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும். சூல்முடி பிறகே ஐந்து கிளையாக விரியும். எனவே விதை வேண்டுவோர் புதிய பூவின் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து, விரிந்த சூல்முடியுள்ள மூத்த பூவில் தடவுவர். நீண்ட அலகுபோன்ற காய் முற்றியதும் ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு விதைக்கும் மென்மயிர் அடர்ந்த முறுக்கு வால் உண்டு. அது காற்றில் பறக்க உதவுவதோடு, ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து, காய்ந்தால் மீண்டும் சுருண்டு விதையை மண்ணுக்குள் திருகுகிறது. தொட்டியில் விதைப்பவர் வாலை நீக்கி, விதையுறையை உப்புத்தாளில் லேசாக உரசி, மெல்லிய மணலால் மூடினால் விரைவில் முளைக்கும்.