தென்திருவிதாங்கூரில் தொழிற்பயிற்சியும் சந்தையும்: நாகர்கோவில் ரேந்தை முதல் மார்த்தாண்டம் தேன் வரை

ஏழை உழைப்பாளர்க்குத் தொழில் கற்பித்து, அத்தொழிலின் வருவாயைக் கொண்டே பயிற்சியையும் நடத்திச் செல்லும் அமைப்புகள் இன்று ‘சமூகத் தொழில்முனைவு’ என்னும் பெயரில் மேலாண்மைத் துறையில் பேசப்படுகின்றன. பெயர் புதிது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் இம்முறைக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தின் ரேந்தைத் தொழிலே அதன் தொடக்கம். தோள்சீலைப் போராட்டம் பற்றி ஆய்வுகள் மிகுதியாக வந்துள்ளன. அதே காலத்தில், அதே பெண்களிடையே வளர்ந்த ரேந்தைத் தொழிலோ பெண்கல்வி வரலாற்றின் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது. நூலை வாங்கியவர் யார், கூலியை வகுத்தவர் யார், விற்பனை எவர் கையில் இருந்தது என்னும் வினாக்களோடு அதனை ஒரு நிறுவனமாக அணுக இக்கட்டுரை முயல்கிறது.

சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அவர்கள் காலத்தில் உருவான பெண்கள் விடுதிப் பள்ளியின் மரபே இன்றைய டதி பெண்கள் பள்ளியில் தொடர்கிறது. 1821 அளவில் மார்த்தா மால்ட் அப்பள்ளியில் ரேந்தைப் பின்னலைக் கற்பிக்கத் தொடங்கினார். ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அவர் கற்பித்ததோ இங்கிலாந்தின் திண்டுப் பின்னல். கெட்டியான திண்டின்மேல் வரைபடத் தாளை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இணை இணையாக மாற்றிப் போட்டு நெய்வது அம்முறை. தறி வேண்டா, பெருமுதலும் வேண்டா. வேண்டியவை கண்ணும் விரலும் நெடும்பொறுமையும். அழுக்குப் பட்டால் வெள்ளை ரேந்தை விலைபோகாது. ஆதலால் தூய்மையும் நேர ஒழுங்கும் பயிற்சியின் பகுதிகளாயின.

தொழிலின் மற்றக் கூறுகள் அனைத்தும் மிஷனரி மனைவியர் கையில் இருந்தன. நூலும் வடிவங்களும் வெளியிலிருந்து வந்தன. நூலை அளந்து கொடுத்தல், முடிந்த வேலையைச் சோதித்தல், வேலைக்கேற்பக் கூலி தருதல், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கு அனுப்பி விற்றல் ஆகிய அனைத்தையும் அவர்களே செய்தனர். மிஷன் அவர்களுக்கெனத் தனி ஊதியம் வகுக்கவில்லை. கணவரின் ஊழியத்தில் அவர்கள் உழைப்பும் அடக்கமாகக் கருதப்பட்டது. ஒரு வணிக நிறுவனத்தின் மேலாளர் செய்யும் பணியைச் செய்தவர்கள் ‘திருமதி இன்னார்’ என்னும் அளவிலேயே ஆவணங்களில் நிற்கின்றனர். இம்மறைவை ஜேன் ஹேகிஸ் தம் கட்டுரைகளில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பள்ளிக்கு வந்த சிறுமியருள் அடிமைக் குடும்பத்தினரும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் அரசாணையால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் சிறுமியர் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் பெருமிதத்தோடு கூறுகின்றன. இதனைக் கருணையின் சான்றாகக் காட்டுவதே வழக்கம். கணக்காகப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அச்சிறுமியின் கைத்திறன் ஈட்டிய முதல் மிகுதி அவள் கைக்கு வரவில்லை. அவளை உடைமையாக வைத்திருந்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயினும் நெல்லாகக் கூலி பெற்ற ஒரு சமூகத்தில் பெண்ணொருத்தி காசு ஈட்டியதும், அக்காசு அவள் சட்டநிலையையே மாற்றியதும் சிறிய செய்தியல்ல. மிஷனின் பிற்கால வரவுசெலவுகளைக் குறை கூறுவோரும் இதனை மறுக்க இயலாது.

உடை பற்றிய போராட்டமும் இதே ஆண்டுகளில் நடந்தது. 1829ஆம் ஆண்டு ஆணை கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றும், உயர்சாதியார் போல மேற்சீலை அணியலாகாது என்றும் வரையறுத்தது. 1859இல் வந்த ஆணைதான் அத்தடையைப் பெரிதும் தளர்த்தியது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில், தம் தோளின்மேல் எதனை இடலாம் என்பதை அரசு முடிவு செய்த பெண்கள், பிறர் கழுத்துப்பட்டிக்கும் கைவிளிம்புக்கும் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தனர். கூலி பெற்ற பெண் நல்ல துணி வாங்க முடிந்தது என்பதையும், அவ்வாறு வாங்கியதே பகைக்கு ஒரு காரணமாயிற்று என்பதையும் சேர்த்துப் படித்தாலன்றித் தோள்சீலை வரலாற்றின் பொருளியல் பக்கம் விளங்காது.

தொழில் பரவிய வழிகளில் ஒன்று தமிழாய்வாளர்க்கு அணுக்கமானது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்கள் பள்ளியோடு ரேந்தைப் பின்னல் வேரூன்றியது. ஒப்பிலக்கண ஆசிரியரின் வீட்டு வாசலில் நடந்த இத்தொழிலைக் கால்டுவெல் ஆய்வுகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிலின் இயல்பு மாறியது. பள்ளிச் சிறுமியர் தவிர, மணமாகி வீட்டிலிருந்த பெண்களும் பெருமளவில் வேலை எடுத்தனர். இலாபம் பெண்கள் பள்ளிகளுக்கும் பிற மிஷன் பணிகளுக்கும் பயன்பட்டது. நிறுவனத்தின் இரு நோக்கங்கள் இங்கே ஒன்றோடொன்று மோதின. கூலியை உயர்த்தினால் பள்ளிக்குரிய பணம் குறையும். பள்ளியை விரிவாக்க வேண்டுமாயின் பின்னுபவள் கூலியில் சிக்கனம் வேண்டும். மிஷன் அறிக்கைகள் இப்பெண்களை இல்லறத்துக்குப் பயிற்றப்பட்ட நல்ல மனைவியராக வருணித்தன. உண்மையில் அவர்கள் கூலித் தொழிலாளர். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வில், கோதாவரிக் கரையின் நரசாபுரத்திலும் மிஷனரிகள் வழி வந்த ரேந்தைத் தொழில் இதே பாதையில் சென்றதைக் காட்டினார். அங்கே பின்னும் பெண் ‘ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் இல்லத்தரசி’ எனப்பட்டாள். வணிகம் ஆடவர் கைக்குப் போயிற்று. நாகர்கோவிலில் வணிகம் மிஷனிடமே நின்றதால் கொடுமை மட்டுப்பட்டிருக்கலாம். சந்தையைக் கையாளும் பயிற்சி மட்டும் இரு இடத்திலும் பின்னுபவளுக்குத் தரப்படவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களான நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, விளவங்கோட்டு மார்த்தாண்டத்தில் மற்றொரு முயற்சி எழுந்தது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் கே.டி. பால் வகுத்த ஊரகப் பணியின் வழியில், 1920களில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் அங்கு ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. அறிவுரை அருகிருந்து தரப்படும், வேலையை ஊரார் தாமே செய்ய வேண்டும் என்பது ஹாட்ச்சின் கொள்கை. 1932இலும் 1938இலும் வெளிவந்த அவருடைய இரு நூல்கள் இதனை விளக்குகின்றன. அவற்றில் ஹாட்ச் தம் மையத்தைப் பற்றித் தாமே எழுதுகிறார் என்பதை மறவாமல் படிக்க வேண்டும்.

வேறுபாடு நன்னோக்கத்தில் இல்லை, விற்பனையில் இருந்தது. முட்டையையும் தேனையும் தரம் பிரித்துக் கூட்டாக விற்பதே பயிற்சியின் பகுதியாயிற்று. தேனீ உள்ளூர் இனம். பெட்டியை உள்ளூர்த் தச்சர் செய்வார். வாங்குவோரும் தொலைவில் இல்லை. ரேந்தைக்கு நூல், வடிவம், வாங்குவோர் மூன்றுமே கடல் கடந்திருந்தன. பின்னாளில் தேன் வளர்ப்போர் கூட்டுறவு அமைப்பாகத் திரண்டனர். மாவட்டத்தில் பரவிய ரப்பர்த் தோட்டங்கள் தேன் வரத்தைப் பெருக்கின. ரப்பரில் தேனீக்குக் கிடைப்பது பூவின் தேனன்று, தளிரிலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீர். இதனை அறிந்து பருவந்தோறும் பெட்டிகளைத் தோட்டங்களுக்கு இடம் பெயர்க்கும் வழக்கம் எந்தப் பாடத்திலும் முன்கூட்டி எழுதப்பட்டதன்று. வளர்ப்போரே கண்டு வளர்த்தது. 1991-92இல் தாய் சாக்புரூட் நச்சுயிரி நோய் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தபோது, எஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித் தொழிலை மீட்டவர்களும் அவர்களே.