சலாகை முதல் சிற்றாடி வரை: காது, மூக்கு, தொண்டைக் கருவிகளின் வரலாறு

மும்பை பிரின்சஸ் தெருவில் (இப்போது ஷாமள்தாஸ் காந்தி மார்க்) நாற்பது வருஷத்துக்கு மேலாக அறுவை சிகிச்சைக் கருவிகள் விற்பதே என் பிழைப்பு. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து வாசித்ததுதான். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் அனுப்பும் சீட்டில் பொருளின் பெயரைவிட ஆளின் பெயர்தான் முந்தி நிற்கும். ‘துடிகம் ஆறு, ஹார்ட்மன் இரண்டு, ஃப்ரீயர் ஒன்று’ என்று எழுதியிருப்பார்கள். யாரப்பா இந்தத் துடிகம் என்று தேடிப் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர். மூளையின் ரசாயனத்தை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. அந்த ஆராய்ச்சியை உலகம் மறந்தாலும், மூக்குத் துவாரத்தை விரித்துப் பார்க்க இடது கை விரலில் தொங்கவிடும் சின்ன வில்கம்பியில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது.

பெயர் கிடைத்தவர்கள் கதை இப்படி. பெயர் கிடைக்காதவர்கள் யார் யார்? இந்தக் கேள்வியோடு நான் வாசித்ததைத்தான் மலர் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

கருவியின் பெயரால் ஒரு சாத்திரம்

ஆயுர்வேதத்துக்கு எட்டு அங்கங்கள். அதில் ஒன்று சாலாக்கியம். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள கண், காது, மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் நோய்களைச் சொல்வது அது. பெயர் எப்படி வந்தது? சலாகை என்ற கருவியால் வந்தது. சலாகை என்றால் மெல்லிய கோல், கம்பி. நம் தமிழிலும் பழைய சொல்தான். நோயின் பெயராலோ உறுப்பின் பெயராலோ இல்லாமல், கையில் பிடிக்கும் ஒரு கம்பியின் பெயரால் ஒரு மருத்துவத் துறையே அழைக்கப்படுகிறது என்றால், அந்தக் கம்பிக்கு எத்தனை மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

சுசுருத சம்ஹிதை மழுங்கிய கருவிகளை யந்திரம் என்றும், கூரிய கருவிகளை சஸ்திரம் என்றும் பிரிக்கிறது. யந்திரங்கள் 101. அவற்றில் பற்றுக்குறடு போன்ற சுவஸ்திக வகை 24, சந்தம்சம் 2, தாளம் 2, குழல் வகையான நாடி 20, சலாகை 28, துணைக் கருவிகள் 25. சஸ்திரங்கள் 20. எங்கள் கடை ஸ்டாக் புத்தகம்கூட இத்தனை ஒழுங்காக இருக்காது.

இதில் தாள யந்திரம் நேராக நம் விஷயத்துக்கு வருகிறது. பன்னிரண்டு அங்குல நீளம், மீனின் மேல்வாய் போன்ற அமைப்பு. காதிலும் மூக்கிலும் சிக்கிய அந்நியப் பொருளை எடுக்க என்று பயனும் சொல்லப்பட்டிருக்கிறது. குழந்தைகள் காதில் புளியங்கொட்டை போட்டுக்கொள்வது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை போலும்.

விலங்கின் வாய், பறவையின் அலகு

சுவஸ்திகக் கருவிகளின் நுனிக்கு சிங்கம், புலி, காகம் என்று விலங்கு, பறவைகளின் வாயை உவமை சொல்கிறார் சுசுருதர். எல்லாவற்றிலும் சிறந்தது கங்க முகம். கங்கம் என்பது நீண்ட அலகுடைய ஒரு பறவை. அந்த வடிவம் சுலபமாக உள்ளே போகும், பிடித்ததை விடாது, சுலபமாக வெளியே வரும் என்பது அவர் சொல்லும் காரணம்.

இன்று என் அலமாரியில் என்ன இருக்கிறது? காதுக்குள் போகும் குறட்டுக்கு ‘க்ரோக்கடைல் ஃபோர்செப்ஸ்’ என்று பெயர். முதலை வாய் போலவே நுனி மட்டும் திறக்கும், தண்டு அசையாது. காதுத் துவாரம் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், அகலம் அதற்கும் குறைவு. கத்தரிக்கோல் மாதிரி முழுதும் விரியும் கருவி அங்கே உதவாது. கைப்பிடியையும் கோணலாக வளைத்திருப்பார்கள். நேராக இருந்தால் டாக்டரின் கையே டாக்டரின் பார்வையை மறைத்துவிடும். கண்ணும் கருவியும் ஒரே சின்ன ஓட்டை வழியாகப் போக வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் கஷ்டம். கருவிகளின் வடிவமெல்லாம் இந்த ஒரு கஷ்டத்திலிருந்து பிறந்தவை.

ஆனால் 101 யந்திரங்களையும் சொன்ன சுசுருதர், அவற்றுள் தலையாயது கைதான் என்கிறார். கை இல்லாமல் எந்தக் கருவியும் வேலை செய்யாது என்பது அவர் வாதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைந்துபோன ஒரு நூல்

9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்ற சமண முனிவர் எழுதிய ‘கல்யாணகாரகம்’ என்ற வடமொழி மருத்துவ நூல் 1940இல் நம் சோலாப்பூரில் அச்சானது. புலாலும் கள்ளும் தேனும் சேராத மருந்து முறை அதில் இருக்கிறது. அதில் உக்கிராதித்தியர் தமக்கு முந்தைய ஆசிரியர்களை வரிசையாகச் சொல்லும்போது, சாலாக்கியத்தைச் சொன்னவர் பூஜ்யபாதர் என்றும், சல்ய தந்திரத்தைச் சொன்னவர் பாத்திரசுவாமி என்றும் குறிக்கிறார். பூஜ்யபாதர் ஜைனேந்திர வியாகரணம் எழுதிய பெரும் இலக்கண ஆசிரியர். மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவிய வச்சிரநந்தி இவருடைய மாணவர் என்று ‘தரிசனசாரம்’ கூறுகிறது. அந்த வழியில் நம் தமிழ் மண்ணோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. அவருடைய இலக்கணம் கிடைத்தது. சாலாக்கிய நூல் கிடைக்கவில்லை. கண், காது, மூக்கு, வாய், தொண்டை நோய்களுக்கென்று இருந்த ஒரு நூல், ஏடு படியெடுக்க ஆளில்லாமல் பெயராக மட்டும் நின்றுவிட்டது.

புனேயில் பெயரில்லாத ஒரு கை

நூல் போனாலும் கைத்தொழில் போகவில்லை. அதற்குச் சாட்சி, மும்பையிலிருந்து நாலு மணி நேர தூரத்தில் இருக்கும் புனே.

1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். பம்பாய் ராஜதானியின் ஆங்கிலேய மருத்துவர்கள் இருவர் அதை நேரில் பார்த்தனர். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்தோடு செய்தி வந்தது.

முறை என்ன? மெழுகைத் தட்டி மூக்கு வடிவில் அளவெடுத்தார். அதை விரித்து நெற்றியில் வைத்து ஓரம் வரைந்தார். அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்து, இரு புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு துண்டை அறுக்காமல் விட்டார். ரத்த ஓட்டம் நிற்காதிருக்க அந்தத் துண்டுதான் உயிர். தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, மூக்கின் அடித்தழும்பில் வெட்டிய பள்ளத்தில் செருகினார். மேலே என்ன பூசினார் தெரியுமா? காசுக்கட்டி. இங்கே பான் கடைக்காரர் வெற்றிலையில் தடவுகிறாரே, அதே கத்தாதான். தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி அடுக்கி ஒட்டினார். நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்த்துணி. 25ஆம் நாள் வாக்கில் இணைப்புத் தோலை அறுத்துச் சரிசெய்தார்.

லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இந்தச் செய்தியைப் பின்பற்றி, வருஷக்கணக்கில் பிணங்களில் பழகி, 1814இல் உயிருள்ள நோயாளிக்குச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் நவீன மூக்கறுவை அங்கிருந்து கிளைத்தது.

இப்போது பாருங்கள். நோயாளியின் பெயர் தெரியும். பார்த்த இரு டாக்டர்களின் பெயர் தெரியும். பின்பற்றிய கார்ப்யூவின் பெயரும் தெரியும். செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. சாதி மட்டும்தான் பதிவாகி இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் நம்மவர்களும் எழுதி வைக்கவில்லையே! ‘பிளாஸ்டிக் சர்ஜரி எங்களுடையது’ என்று மேடையில் மார்தட்டும்போது சுசுருதர் பெயரைச் சொல்கிறோம். அந்தச் செங்கல்காரரை யாரும் சொல்வதில்லை. நூலில் இருந்ததை ஆயிரம் வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக் காப்பாற்றிய பரம்பரை அவருடையதுதானே?

போஸ்ட் மாஸ்டரும் பாட்டு வாத்தியாரும்

ஐரோப்பாவிலும் எல்லாம் மருத்துவர் வீட்டில் பிறக்கவில்லை. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய்க்கு யூஸ்டேக்கியன் குழாய் என்று பெயர். அது அடைத்தால் காது மந்தமாகும். அதற்குள் முதலில் கருவி செலுத்தியவராக வரலாறு சொல்வது வெர்சாய் நகரத்து போஸ்ட் மாஸ்டர் குயோ என்பவரை. தம் செவிட்டுத்தனத்தைத் தாமே தீர்க்க, வளைந்த தகரக் குழாயை வாய் வழியே அண்ணத்துக்குப் பின்னால் விட்டார். 1724இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அதை வைத்தார். 1741இல் கிளீலண்ட் என்ற ஆங்கிலேயப் படை மருத்துவர் மூக்கு வழியே விடும் வெள்ளிக் குழாயைச் சொன்னார். நடைமுறையில் நின்றது மூக்கு வழிதான்.

குரல்வளைக்கு வருவோம். மானுவல் கார்சியா பாட்டு வாத்தியார். குரல் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. 1854இல் பாரிஸில், ஜன்னல் கண்ணாடியில் வெயில் பளிச்சிட்டதைப் பார்த்ததும் யோசனை உதித்தது. கருவி விற்கும் கடைக்குப் போய், நீண்ட காம்புள்ள பல் வைத்தியச் சிற்றாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார். வெந்நீரில் சுட வைத்துத் தொண்டையில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். 1855இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. பிறகுதான் வியன்னாவின் டுர்க்கும், செர்மாக்கும் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1905இல் கார்சியாவின் நூறாவது பிறந்த நாளை லண்டனில் மருத்துவர்களே கூடிக் கொண்டாடினார்கள். ஒரு கடைக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த ஆறு பிராங்கு சந்தோஷம் தருகிறது. ஏதோ ஒரு கடையில் வேறு வேலைக்கென்று கிடந்த பொருள் அது!

இன்றும் அந்தச் சிற்றாடியை விற்கிறோம். மூச்சுக்காற்றில் ஆவி படியாமல் இருக்க டாக்டர் அதை லேசாகச் சூடாக்கி, தம் புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளி வாயில் வைப்பார்.

குழலும் உருக்கும்

தொண்டையில் அரக்கு சிக்கினால் ஒரு குழலைச் செலுத்தி, அதன் வழியே சூடான சலாகையை விட்டு, அரக்கு ஒட்டியதும் குளிர்ந்த நீரால் இறுகச் செய்து இழுக்கும்படி சுசுருதர் சொல்கிறார். முதலில் குழல், அதன் வழியே கருவி. 1897இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்பை எடுத்தபோது செய்ததும் இதுவே. சுசுருதரைப் பார்த்துக் கில்லியன் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே சிக்கல், ஒரே மாதிரி விடை, அவ்வளவுதான்.

முன்பு கருவிகளுக்கு மரப்பிடியும் தந்தப்பிடியும் இருந்தன. 1867இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். அதன் பின் கருவிகளைக் கொதிக்க வைக்கும் வழக்கம் வந்ததும் அந்தப் பிடிகள் ஒழிந்தன, முழு உலோகம் வந்தது. 1913இல் ஷெஃபீல்டில் பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு கண்டது அடுத்த படி. 1952இல் நியூயார்க்கின் ரோசன், மூன்று மில்லிமீட்டர் அளவேயான அங்கவடி எலும்பு இறுகிப் போனதை மெல்லிய கருவியால் அசைத்துக் கேள்வியை மீட்டார். அந்த ஊசியும் அவர் பெயரிலேயே விற்கிறது. அதை எடுத்துப் பாருங்கள், அடிப்படையில் நம் சலாகைதான்!

முடிவாக

நம் பழைய நூல்கள் பெரியவை, சந்தேகமில்லை. ஆனால் நூல் வைத்திருந்தவரும் கத்தி பிடித்தவரும் பிரிந்து போனதால்தான் நமக்குப் பெயரும் தொடர்ச்சியும் தொலைந்தன. அங்கே போஸ்ட் மாஸ்டர் கண்டதைக் கழகம் கேட்டது. பாட்டு வாத்தியார் கண்டதை டாக்டர் எடுத்துக்கொண்டார். இங்கே செங்கல்காரர் செய்ததை எந்தப் பண்டிதரும் எழுதவில்லை. சுசுருதர் கையைத் தலையாய கருவி என்றார். நாம் அந்தக் கைக்கு உரியவரை மறந்தோம்.

ஆகவே மலர் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊர்ப்பக்கம் போகும்போது காது மூக்குக் குத்தும் ஆசாரி, எலும்பு கட்டும் வைத்தியர், பழைய கருவிக்குச் சாணை பிடிப்பவர் யாரையாவது பார்த்தால், செய்யும் முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுதுங்கள்.